ஜலதோஷம்: கஷாயமா, டாக்டரா?

(கிளைச் சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் செயலாளர் என்னைப் பேச அழைத்தபோது, "மாரடைப்பைப் பற்றிப் பேசட்டுமா, சர்க்கரை வியாதியைப் பற்றிப் பேசட்டுமா?" என்று கேட்டேன். "அவையெல்லாம் பலர் பேசியாகிவிட்டது. குளிர் ஆரம்பித்துவிட்டது. வீட்டுக்கு வீடு தும்மல் சத்தம். ஜலதோஷத்துக்கு டாக்டரிடம் ஓட வேண்டுமா, பாட்டி வைத்தியம் போதுமா? அதைச் சொல்லுங்கள், போதும்" என்றார். நாற்பது வருஷம் வைத்தியம் பார்த்தவனிடம் ஜலதோஷத்தைப் பற்றிப் பேசச் சொல்கிறாரே என்று முதலில் நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் அவர் கேட்டது மிகவும் சரி.

இன்று நம்மில் பலர் அறுபதைத் தாண்டியவர்கள். பிள்ளை அமெரிக்காவில், பெண் பெங்களூரில். நாம் இருவர் மட்டும் மூன்றாவது மாடி ஃபிளாட்டில். டாக்டரிடம் போவதென்றால் படி இறங்க வேண்டும், ஆட்டோ பிடிக்க வேண்டும், இருமுகிறவர்கள் நடுவில் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஆகவே வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றுவது இயற்கை. பெரும்பாலும் அது சரியான முடிவும்கூட. ஆனால் எல்லா இருமலையும் ஜலதோஷம் என்று நினைத்துக் கஷாயம் குடித்துக்கொண்டிருந்தால் ஆபத்து. ஒரு தும்மல் வந்தவுடன் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்கினால் அதுவும் ஆபத்து. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வழியைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

தலை ஈரமா காரணம்?

ஜலதோஷம் வைரஸ் கிருமியால் வருவது. இதை உண்டாக்கும் வைரஸ்கள் இருநூறு வகைகளுக்கு மேல் உண்டு. அவற்றில் ரைனோ வைரஸ் என்ற குடும்பம்தான் முக்கியமானது. இத்தனை வகைகள் இருப்பதால்தான் ஒரு முறை வந்தவருக்கு மறுபடி மறுபடி வருகிறது. இதற்குத் தடுப்பூசியும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"தலையை ஈரமாக வைத்துக்கொண்டு நின்றாயே, அதனால்தான் வந்தது" என்று நம் வீடுகளில் சொல்லுவோம். இங்கிலாந்தில் சாலிஸ்பரி என்ற ஊரில் 1946-ல் ஜலதோஷ ஆராய்ச்சிக்கென்றே ஒரு நிலையம் ஆரம்பித்து, நாற்பது வருஷங்களுக்கு மேல் நடத்தினார்கள். தாமாக முன்வந்தவர்களின் மூக்கில் வைரஸைச் சொட்டு விட்டுப் பார்த்தார்கள். சிலரைக் குளிக்க வைத்து, ஈரத்தோடு காற்று வீசும் தாழ்வாரத்தில் நிற்க வைத்தும் பார்த்தார்கள். ஈரத்தால் மட்டும் ஜலதோஷம் வரவில்லை. கிருமி உள்ளே போனால்தான் வந்தது. குளிர் காலத்தில் இது அதிகமாக இருப்பதற்கு, ஜன்னலை அடைத்துக்கொண்டு எல்லோரும் ஒரே அறையில் இருப்பது ஒரு முக்கியக் காரணம். அதற்காக, தில்லி ஜனவரியில் தலையைத் துவட்டாமல் நில்லுங்கள் என்று நான் சொல்லவில்லை!

நோயின் போக்கைத் தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். முதல் நாள் தொண்டை கரகரக்கும். இரண்டாம், மூன்றாம் நாள் மூக்கு நீராக ஒழுகும், தும்மல், லேசான தலைவலி. பிறகு சளி கெட்டியாகும். ஏழு முதல் பத்து நாட்களுக்குள் பெரும்பாலும் சரியாகிவிடும். இருமல் மட்டும் இரண்டு, மூன்று வாரம்கூட நீடிக்கலாம். சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறிவிட்டால் 'இன்ஃபெக்‌ஷன்' ஆகிவிட்டது என்று பயந்து மருந்துக் கடைக்குப் போகிறோம். நம் உடம்பின் வெள்ளை அணுக்கள் கிருமியோடு போராடுவதால் அந்த நிறம் வருகிறது. நிறத்தை மட்டும் வைத்து ஆன்டிபயாடிக் சாப்பிட வேண்டியதில்லை.

பாட்டியின் மருந்துப் பெட்டி

நம் பாட்டிமார்களின் கைவைத்தியம் ஜலதோஷத்தை 'குணப்படுத்துகிறது' என்று நான் சொல்ல மாட்டேன். வைரஸை விரட்டுவது நம் உடம்பே. ஆனால் அந்த ஏழெட்டு நாட்களைக் கஷ்டமில்லாமல் கழிக்கப் பாட்டி வைத்தியம் நன்றாகவே உதவுகிறது.

முதலில் கஷாயம். சுக்கு ஒரு சிறு துண்டு, மிளகு அரை ஸ்பூன், திப்பிலி இரண்டு மூன்று, இவற்றை ஒன்றிரண்டாகப் பொடித்து, ஒரு பிடி துளசியோடு இரண்டு டம்ளர் ஜலத்தில் போட்டு ஒரு டம்ளராக வற்றும் வரை கொதிக்க விட வேண்டும். வடிகட்டி, பொறுக்கும் சூட்டில் சிறிது பனங்கல்கண்டு சேர்த்துக் குடிக்கலாம். இந்தச் சாமான்கள் மாட்டுங்காவிலும் கரோல் பாக்கிலும் நம்மவர் கடைகளில் கிடைக்கின்றன. திப்பிலி கிடைக்காவிட்டால் சுக்கும் மிளகும் போதும். வாசலில் தொட்டியில் வளர்த்த கற்பூரவல்லி இரண்டு இலை சேர்த்தால் இன்னும் நல்லது. சூடான பானம் தொண்டையை நனைத்து இதமாக்குகிறது. காரம் மூக்கடைப்பைச் சற்று இளக்குகிறது. மிளகு சீரக ரசத்துக்கும் இதே குணம்தான். பசியில்லாதவருக்குக் குழைந்த சாதத்தில் ரசம் விட்டுக் கரைத்துக் கொடுத்தால் ஆகாரமும் ஆயிற்று, மருந்தும் ஆயிற்று.

ஆனால் அளவு முக்கியம். ஒரு நாளைக்கு ஒன்று, இரண்டு தடவை போதும். 2020-ல் கொரோனா வந்தபோது, நாளுக்கு ஐந்தாறு தடவை கஷாயம் குடித்து, வயிறு புண்ணாகி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். சர்க்கரை வியாதிக்காரர்கள் பனங்கல்கண்டு, கருப்பட்டி, தேன் எல்லாவற்றையும் சர்க்கரையாகவே கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். தொண்டைக்கு இதம் என்று அதிமதுரத்தை நாள் முழுவதும் வாயில் அடக்கிக்கொள்ளும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. பாட்டுப் பாடுகிறவர்களுக்குக் கேட்கவே வேண்டாம். அதிமதுரத்தை அதிகமாகவோ தொடர்ந்தோ சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும். ரத்தத்தில் பொட்டாசியம் குறையும். பி.பி. மாத்திரையோ, நீர் பிரிய மாத்திரையோ சாப்பிடுகிறவர்கள் அதைத் தவிர்ப்பதே நல்லது. நாட்டு மருந்து என்றால் பக்க விளைவே கிடையாது என்ற எண்ணம் தவறு.

வெந்நீரில் அரை ஸ்பூன் உப்புப் போட்டுத் தொண்டையைக் கொப்பளிப்பது செலவில்லாத நல்ல வைத்தியம். மூக்கடைப்புக்கு உப்பு ஜலம் விட்டுக் கழுவலாம். யோகாசன வகுப்பில் ஜலநேதி கற்றவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: குழாய் ஜலத்தை அப்படியே மூக்கில் விடாதீர்கள். கொதிக்க வைத்து ஆறிய ஜலத்தையே பயன்படுத்துங்கள். சுத்தமில்லாத ஜலம் மூக்கு வழியாகப் போனால் மூளையைத் தாக்கும் அமீபா நோய் அபூர்வமாக வருகிறது. 2024-லும் 2025-லும் கேரளத்தில் இந்த நோய் கண்டது பத்திரிகைகளில் வந்தது நினைவிருக்கும்.

ஆவி பிடித்தால் சற்று நேரத்துக்குச் சுகமாக இருக்கும். நோய் சீக்கிரம் போய்விடும் என்பதற்குத் தெளிவான ஆதாரம் இல்லை. பெரியவர்கள் ஜாக்கிரதையாகப் பிடிக்கலாம். கொதிக்கும் பாத்திரத்தின் முன்னால் பேரக் குழந்தையை உட்கார வைத்துப் போர்வையால் மூடாதீர்கள். பாத்திரம் கவிழ்ந்து தொடை வெந்துபோன குழந்தைகளை ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறேன். ஜலதோஷம் ஒரு வாரத்தில் போய்விடும், அந்தத் தழும்பு ஆயுசுக்கும் போகாது.

தேன் ஒரு ஸ்பூன், ராத்திரி படுக்கும் முன் சாப்பிட்டால் இருமல் தணியும். இதற்கு மேல்நாட்டு ஆராய்ச்சிகளிலும் ஓரளவு ஆதரவு உண்டு. ஆனால் ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனை நாக்கில் தடவக்கூடக் கூடாது. பாட்டுலிசம் என்ற விஷ நோய் வரக்கூடும்.

கைக்குழந்தைகள் விஷயத்தில் பாட்டிமார்கள் இன்னும் சிலவற்றை விட்டுவிட வேண்டும். மூக்கில் எண்ணெய் விடுவது வேண்டாம்; அது நுரையீரலுக்குப் போனால் நிமோனியா போலத் தொல்லை கொடுக்கும். கற்பூரத் தைலத்தை மூக்கருகில் தடவுவது வேண்டாம். கற்பூரம் குழந்தைகளுக்கு வலிப்பை உண்டாக்கும். சாம்பிராணிப் புகையும் வேண்டாம், அதுவும் ஆஸ்துமா உள்ள வீட்டில் வேண்டவே வேண்டாம். இது சம்பிரதாயத்தைக் குறை சொல்வதல்ல. தெரிந்த பிறகும் செய்யலாமா என்பதுதான் என் கேள்வி.

மருந்துக் கடை வைத்தியம்

பாட்டி வைத்தியத்தைவிட எனக்குக் கவலை தருவது 'மருந்துக் கடை வைத்தியம்'. "ஜலதோஷத்துக்கு நாலு மாத்திரை கொடப்பா" என்று வாங்கி வந்து விழுங்குகிறோம்.

எனக்குத் தெரிந்த மாமா ஒருவர், வயது 76. நடைப்பயிற்சி, சந்தியாவந்தனம் எல்லாம் ஒழுங்காகச் செய்கிறவர். ஜலதோஷத்துக்குக் கடையில் மாத்திரை வாங்கி இரண்டு நாள் சாப்பிட்டார். இரண்டாம் நாள் ராத்திரி சிறுநீர் சுத்தமாக நின்றுவிட்டது. வயிறு உப்பி, வலி தாங்காமல் துடித்தார். நடு ராத்திரியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் டியூப் போட்ட பிறகுதான் உயிர் வந்தது. அவருக்குப் புராஸ்டேட் வீக்கம் முன்பே இருந்தது. மூக்கு ஒழுகலை நிறுத்தும் குளோர்பெனிரமின் போன்ற மருந்தும், மூக்கடைப்பைத் திறக்கும் ஃபினைலெஃப்ரின் போன்ற மருந்தும் அந்த நிலையில் சிறுநீரை அடைத்துவிடும். முதலாவது தூக்கத்தையும் தள்ளாட்டத்தையும் கொடுக்கும். ராத்திரி பாத்ரூம் போகும்போது விழுந்து இடுப்பெலும்பு உடைவது இப்படித்தான். சிலவகை கிளாக்கோமாவுக்கும் அது ஆகாது. இரண்டாவது, ரத்த அழுத்தத்தை ஏற்றும். ஜலதோஷ மாத்திரைகள் பலவற்றில் இவை இரண்டும் பாரசிட்டமாலோடு சேர்ந்தே இருக்கின்றன.

அந்தப் பாரசிட்டமாலையும் கவனியுங்கள். உடம்பு வலிக்கும் காய்ச்சலுக்கும் அது நல்ல மருந்துதான். ஆனால் காய்ச்சலுக்குத் தனியாக ஒன்று, ஜலதோஷ மாத்திரைக்குள் ஒன்று என்று தெரியாமலே இரட்டிப்பாகப் போகிறது. ஒரு நாளில் 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு என்பது பெரியவர்களுக்கு மேல் எல்லை. வயதானவர்களும், எடை குறைந்தவர்களும், கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் அந்த எல்லைப் பக்கமே போகக் கூடாது. அட்டையைத் திருப்பி என்னென்ன மருந்து கலந்திருக்கிறது என்று படிக்கும் பழக்கம் வேண்டும். எழுத்து பொடியாக இருந்தால் பேரனைப் படிக்கச் சொல்லுங்கள்.

மூக்கடைப்புக்கு விடும் சொட்டு மருந்து விட்ட நிமிஷமே சுகம் தரும். ஸைலோமெட்டஸோலின் வகைச் சொட்டு மருந்தைத் தொடர்ந்து ஐந்து நாளுக்கு மேல் விட்டால், மருந்து நின்றவுடன் மூக்கு முன்னைவிட அதிகமாக அடைக்கும். அதற்காக மறுபடி விட, அது முடிவில்லாத பழக்கமாகிவிடும்.

குழந்தைகளுக்கு இருமல் சிரப் வாங்குவதை அடியோடு விட்டுவிடுங்கள். 2025-ல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாடா மாவட்டத்தில், டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் கலந்த இருமல் சிரப்பைக் குடித்துச் சிறுநீரகம் செயலிழந்து இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் மாண்டு போனார்கள். அவர்களில் பலருக்கு இருந்தது சாதாரண ஜலதோஷமும் காய்ச்சலும்தான். அந்த ஆண்டு அக்டோபரில் மத்திய அரசு, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், ஜலதோஷ மருந்துகளைக் கொடுக்கக் கூடாது என்றும், ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கும் பொதுவாகத் தேவையில்லை என்றும் அறிவுறுத்தியது. உங்கள் பெண்ணோ மாட்டுப்பெண்ணோ, "டாக்டர் சிரப் எழுதித் தரவில்லை" என்று சொன்னால் டாக்டரைக் குறை சொல்லாதீர்கள். அவர் நல்ல டாக்டர்.

ஆன்டிபயாடிக் எனும் பொதுச் சொத்து

ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும். வைரஸை ஒன்றும் செய்யாது. ஆகவே ஜலதோஷத்துக்கு அதனால் காலணா பிரயோஜனம் இல்லை. "போன தடவை சாப்பிட்டேன், மூன்றே நாளில் சரியாயிற்றே" என்பார்கள். ஜலதோஷம் வந்து நாலு நாள் கழித்து மாத்திரையை ஆரம்பித்தால், மூன்று நாளில் அது தானாகவே சரியாகும் காலம். பெயர் மட்டும் மாத்திரைக்கு.

பென்சிலினை 1928-ல் கண்டுபிடித்த அலெக்ஸாண்டர் ஃபிளெமிங், 1945-ல் நோபல் பரிசு பெற்றபோதே, குறைந்த அளவில் கண்டபடி சாப்பிட்டால் கிருமிகள் மருந்துக்குப் பழகிவிடும் என்று எச்சரித்தார். அதைத்தான் இன்று ஆஸ்பத்திரிகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் பார்க்கிறோம். நாளைக்கு நமக்கே ஒரு இடுப்பு ஆபரேஷனோ, சிறுநீர்ப்பாதைத் தொற்றோ வரும்போது வேலை செய்ய வேண்டிய மருந்தை, இன்று தும்மலுக்காக வீணாக்குகிறோம். இந்திய மருத்துவச் சங்கம் 2023 மார்ச்சில், பருவ கால இருமல் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் எழுத வேண்டாம் என்று டாக்டர்களுக்கே வேண்டுகோள் விடுத்தது. மாத்திரை அட்டையில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால், டாக்டர் சீட்டில்லாமல் சாப்பிடக் கூடாது என்று அர்த்தம். அலமாரியில் மிச்சமிருக்கும் பழைய ஆன்டிபயாடிக்கை அடுத்த வீட்டு மாமிக்குத் தானம் செய்யாதீர்கள். அதில் புண்ணியம் இல்லை.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

இதுதான் என் பேச்சின் முக்கியமான பகுதி. முடிந்தால் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வையுங்கள்.

மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், சளியில் ரத்தம் கண்டால், உதடு நீலம் பாரித்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. காய்ச்சல் மூன்று நாளுக்கு மேல் இருந்தாலும், விட்டுவிட்டு மறுபடி வந்தாலும் போக வேண்டும். ஜலதோஷம் சரியாகிக்கொண்டே வந்து திடீரென்று மோசமானாலும் போக வேண்டும். கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டர் பல வீடுகளில் தூங்குகிறது. பேட்டரி மாற்றி வையுங்கள். வழக்கமாக நன்றாக இருப்பவருக்கு 94-க்குக் கீழே காட்டினால் டாக்டரைப் பார்க்க வேண்டும். இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நின்றால் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். காசநோய் ஜாதி, அந்தஸ்து, மாடி எதையும் பார்ப்பதில்லை. கடும் காய்ச்சலும் உடம்பு வலியும் இருந்து மூக்கே ஒழுகவில்லை என்றால் டெங்குவாகவும் இருக்கலாம். அப்போது பாரசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை எதையும் நீங்களாகச் சாப்பிடக் கூடாது. ஆஸ்துமா, இருதய நோய், சிறுநீரக நோய், கட்டுப்படாத சர்க்கரை, புற்றுநோய் சிகிச்சை உள்ளவர்கள் முதல் நாளே தங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும்.

குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, மூச்சு விடும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலே டாக்டர்தான்.

வயதானவர்கள் விஷயத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அவர்களுக்கு நிமோனியா வந்தாலும் காய்ச்சல் வராமல் இருக்கலாம். தனியாக இருந்த ஒரு மாமிக்கு எண்பது வயது. "வெறும் சளிதான், கஷாயம் போட்டுச் சாப்பிடுகிறேன்" என்று வெளிநாட்டில் இருந்த பெண்ணிடம் தினமும் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். காய்ச்சல் இல்லாததால் பெண்ணுக்கும் கவலை தோன்றவில்லை. பத்தாம் நாள், இறந்துபோன கணவருக்குக் காப்பி கலந்து வைத்திருப்பதாக மாமி சொன்னபோதுதான் பெண் அலறி அடித்துக்கொண்டு பக்கத்து ஃபிளாட்டுக்குப் போன் செய்தாள். இரண்டு பக்க நுரையீரலிலும் நிமோனியா. பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து பிழைத்து வந்தார். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. திடீரென்று பேச்சில் குழப்பம், சாப்பாட்டை அறவே வெறுப்பது, எப்போதும் படுத்தே கிடப்பது, காரணமில்லாமல் கீழே விழுவது, இவையெல்லாம் வயதானவர்களுக்குக் காய்ச்சலுக்குச் சமம். வெளியூரிலிருந்து போன் செய்யும் பிள்ளைகள் "ஜுரம் இருக்கா?" என்று மட்டும் கேட்காமல், "இன்னிக்கு என்ன சாப்பிட்டே? எழுந்து நடந்தியா?" என்றும் கேட்க வேண்டும். பேச்சுக்கு நடுவில் மூச்சு வாங்குகிறதா என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

ஆசாரமும் ஆரோக்கியமும்

ஜலதோஷம் பெரும்பாலும் கையின் வழியாகவும், அருகில் இருப்பவரின் தும்மல் இருமல் வழியாகவும் பரவுகிறது. வெளியே போய் வந்தால் கை கால் அலம்புவது, டம்ளரைத் தூக்கிக் குடிப்பது, எச்சில் பார்ப்பது, கை குலுக்காமல் நமஸ்காரம் சொல்வது என்று நம் வீடுகளில் சொல்லிக் கொடுத்த பழக்கங்கள் இங்கே கைகொடுக்கும். கையை சோப்புப் போட்டு அலம்பினால் இன்னும் உத்தமம். ஜலதோஷம் இருக்கும்போது பஜனைக்கும் சீமந்தத்துக்கும் போகாமல் இருப்பதும் ஒரு சேவைதான். போயே ஆக வேண்டுமென்றால் மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள்.

ஜலதோஷத்தோடு இருக்கும் பெரியவர்கள் சிலர், அமாவாசை தர்ப்பணமென்றால் பச்சைத் தண்ணீரில்தான் குளிப்பேன் என்று பிடிவாதம் பிடிப்பார்கள். ஈரத்தால் வைரஸ் வராது என்று முன்பு சொன்னேன். ஆனால் உடம்பு தளர்ந்தவருக்குக் குளிர் தாங்காது. நம் சாஸ்திரமே உடம்பு முடியாதவருக்கு மந்திர ஸ்நானம், விபூதியால் செய்யும் ஆக்னேய ஸ்நானம் என்று மாற்று வழிகளை வைத்திருக்கிறது. சாஸ்திரம் காட்டும் தயவை நாமே நம் உடம்புக்குக் காட்டக் கூடாதா? உபவாசமும் அப்படித்தான். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் ஜலதோஷத்தோடு ஏகாதசிப் பட்டினியும் இருந்தால் மயக்கம் வரும்.

ஜலதோஷத்துக்குத் தடுப்பூசி இல்லாவிட்டாலும், அதைப் போலவே ஆரம்பித்துப் பெரியவர்களைப் படுக்கையில் தள்ளும் இன்ஃப்ளூயன்ஸாவுக்கு ஆண்டுதோறும் போடும் ஊசி உண்டு. நிமோகாக்கஸ் நிமோனியாவுக்கும் ஊசி உண்டு. அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள் தங்கள் டாக்டரிடம் இதைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள்.

முடிவாக ஒன்று. மருந்து சாப்பிட்டால் ஏழு நாள், சாப்பிடாவிட்டால் ஒரு வாரம் என்று ஜலதோஷத்தைப் பற்றி வேடிக்கையாகச் சொல்வார்கள். அந்த ஒரு வாரம் ஓய்வு எடுங்கள், ரசம் சாதம் சாப்பிடுங்கள், கஷாயம் அளவோடு குடியுங்கள். மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் உங்களை நீங்களே ஒரு முறை கவனித்துப் பாருங்கள். நம் கிளையில் தனியாக வசிக்கும் மூத்த உறுப்பினர்கள் பலர் இருக்கிறார்கள். பக்கத்துத் தெருவில் இருப்பவர் இரண்டு நாள் கோவிலுக்கு வரவில்லை என்றால், ஒரு டம்ளர் ரசத்தோடு போய்க் கதவைத் தட்டுங்கள். அந்த ரசத்தைவிட, நீங்கள் நேரில் போய்ப் பார்ப்பதுதான் பெரிய மருந்து.

அனைவருக்கும் நல்ல ஆரோக்கியம் அருளும்படி வைத்தீஸ்வரன் கோவிலில் உறையும் வைத்தியநாத ஸ்வாமியைப் பிரார்த்திக்கிறேன்.